முத்துலட்சுமியிடம் சொல்ல வேண்டியது

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டயர் கடைக்குப் பின்னால், மாதா கோயிலை ஒட்டினாற்போல் சின்னக் கூடம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அதன் வாசலில், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஒன்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூரையின் சூடு தலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. டயர் கடையிலிருந்து ரப்பர் கருகும் வாடை வந்தது.

குடியை விட்டவர்களும், விடப் பார்க்கிறவர்களும் வாரம் ஒருமுறை கூடும் இடம் அது. அதை நடத்திய ஏகாம்பரம் அண்ணன் ஒரு காலத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டியவர். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வூட்டுக்காரருக்காக வந்தியாம்மா? லேடீஸெல்லாம் பக்கத்து ரூம்ல ஒக்காந்துகினு கீறாங்க. அங்க போ."

"இல்லண்ணா. எனக்காகத்தான் வந்தேன்."

அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "குடிப்பியா?"

"குடிக்க மாட்டேன். போன்ல சீட்டாடுவேன். பணம் வெச்சு."

உள்ளே யாரோ சிரித்தார். ஏகாம்பரம் அண்ணன் திரும்பி, "இன்னா சிரிப்பு? நீ கோட்டருக்கு வாட்ச வித்தப்ப யாராவது சிரிச்சாங்களா?" என்று கேட்டார். சிரித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒக்காரும்மா. எல்லாம் ஒண்ணுதான்."

உட்கார்ந்தேன்.

இந்தத் தொடரை எழுத ஒப்புக்கொண்டபோது, இந்த வாரத்தை எப்படித் தாண்டப்போகிறேன் என்றுதான் பயமாக இருந்தது. தொழிற்சாலை, பஸ், மாமியார் வீடு, மகள் பிறந்தது என்று மற்றதையெல்லாம் எழுதிவிட்டேன். இதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். இனித் தள்ள முடியாது.

பிரியாணி வாங்கிய நாள்

நான் வேலை பார்த்தது ஒரகடத்தில், சார்ஜர் செய்யும் ஒரு தொழிற்சாலையில். லைன் லீடர். எனக்குக் கீழே இருபத்தெட்டுப் பெண்கள். வீடு குன்றத்தூர். காலை ஷிப்ட் என்றால் நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் போனுக்குள் குனிந்துவிடுவோம். ஒருத்தி சீரியல் பார்ப்பாள், ஒருத்தி வீட்டுக்காரரோடு மெசேஜில் சண்டை போடுவாள். எனக்கு ஒருநாள் ரம்மி விளம்பரம் வந்தது. சேர்ந்தாலே கொஞ்சம் பணம் இலவசம் என்றது.

சேர்ந்தேன். மூன்றாவது ஆட்டத்தில் முந்நூற்று நாற்பது ரூபாய் ஜெயித்தேன்.

அந்தத் தொகை மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது. பிறகு தோற்றதற்கெல்லாம் என்னிடம் கணக்கே கிடையாது. அந்த முந்நூற்று நாற்பதில் அன்று சாயங்காலம் பிரியாணி வாங்கிப் போனேன். என் கணவர் சேவியர் ஏ.சி. மெக்கானிக். நாள் முழுக்க வெயிலில் மொட்டைமாடியில் நிற்கிற வேலை. "இன்னா விசேஷம் ரெஜி?" என்றார். "ஓ.டி. காசு வந்துச்சு" என்றேன்.

எதற்காகப் பொய் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஜெயித்த பணம்தானே, சொல்லியிருக்கலாம். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்திருந்தது போல. இதை வீட்டில் சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள். முதல் நாளே நிறுத்த மனமில்லை.

அப்பாவின் சட்டைப்பை

என் அப்பா கொத்தனார். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் அப்போது லாட்டரிக் கடைகள் வரிசையாக இருக்கும். வேலை முடிந்து கையில் சிமெண்ட் காயாமலே அங்கேதான் போய் நிற்பார். அம்மா துணி துவைக்கும்போது அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டுகள் கூழாகி வரும். இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள். அம்மா அதை வழித்துத் துவைக்கும் கல்லின் ஓரத்தில் அப்புவாள்.

நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது லாட்டரியைத் தடை செய்தார்கள். அம்மா அன்று கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். அப்பா மட்டும் பல மாதங்களுக்கு, வேலை முடிந்ததும் எங்கே போவது என்று தெரியாமல் பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்துவிட்டு வருவார். கடை இருந்த இடத்தில் ஜூஸ் கடை வந்திருந்தது.

அப்பாவைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அறிவில்லாத மனுஷன் என்று நினைத்தேன். நான் டிப்ளமோ படித்தேன், லைன் லீடர் ஆனேன். அவர் செய்ததையே ஏ.சி. பஸ்ஸில் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்தேன். எனக்குச் சீட்டுகூடத் தேவைப்படவில்லை. துவைக்கும்போது எதுவும் மாட்டாது.

எட்டு மணி நேரம்

தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. லாக்கர் அறையில் பூட்டி வைத்துவிட்டு, நீலக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு உள்ளே போகவேண்டும். முதலில் அது நல்லதாகத்தான் இருந்தது. பிறகு அந்த எட்டு மணி நேரம் தண்ணீர் கிடைக்காதவள் போல ஆகிவிட்டேன். டிரேயில் பதின்மூன்று சார்ஜர் அடுக்கியிருந்தால், ரம்மியில் கைக்கு வரும் பதின்மூன்று சீட்டாகத் தெரியும். டீ இடைவேளை பத்து நிமிஷம். லாக்கர் அறைக்கு ஓடிப்போய், நின்றபடியே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, டீ குடிக்காமலே லைனுக்குத் திரும்புவேன்.

மகள் ஜெனிக்கு அப்போது ஏழு வயது. ஒருநாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். சூடு புடவையைத் தாண்டித் தொடையில் சுட்டது. டோக்கன் எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாவது தடவை நர்ஸ் எதிரே வந்து நின்று, "புள்ள அனத்திகினு கீது, போன்ல இன்னா பண்ற நீ?" என்று கேட்டாள். ஆட்டம் முடிய இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் வேண்டியிருந்தது. அவளிடம், "ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்று சொன்னேன்.

சொன்னது நான்தான். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நிமிர்ந்து பார்க்கவும் எனக்கு நேரமில்லை.

கல்பனாவின் குழந்தைக்காக

என் லைனில் கல்பனா என்றொரு பெண். ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. சென்னையில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தையை வைத்திருந்தார்கள். லைன் பெண்கள் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று போட்டார்கள். சம்பளம் வந்த மறுநாள் அது. எல்லாப் பணத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். "அக்காகிட்ட இருந்தாத்தான் பத்திரம்" என்றாள் ஒருத்தி. மறுநாள் கல்பனாவின் கணவர் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. கவரை என் லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. லாக்கரிலிருந்து கவரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டேன். ஒரகடம் கூட்டுரோட்டுப் பக்கம் இருந்த பணம் போடும் மெஷினில் நோட்டுகளை வைத்தேன். மெஷின் மூடிக்கொண்டு உள்ளே எண்ணும் சத்தம் கேட்டது. சாயங்காலத்துக்குள் இரண்டு மடங்காக எடுத்துவிடலாம், பாதியைக் கவரில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைக்கவில்லை, நிச்சயமாக நம்பினேன். டவுன் பஸ் சோமங்கலம் தாண்டுவதற்குள் எல்லாம் போய்விட்டது.

மறுநாள் காலை லாக்கரைத் திறந்து பார்த்துவிட்டு, "கவரைக் காணோம்" என்றேன்.

பூட்டு உடையவில்லை. அதனால் சாவி வைத்திருந்தவர்கள் மேல்தான் பார்வை போனது. மாற்றுச் சாவிக் கொத்து ஹவுஸ்கீப்பிங் ஆட்களிடம்தான் இருக்கும். அந்த வாரம் லாக்கர் அறையைத் துடைத்தவள் முத்துலட்சுமி.

திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்தவள். காண்டிராக்டில் வேலை. முப்பது வயதிருக்கும். ஊரிலிருந்து வந்தால் எனக்கென்று ஒரு டப்பாவில் சுண்டைக்காய் வற்றல் கொண்டுவருவாள். துடைத்த ஈரத் தரையில் யாராவது நடந்தால் கோபப்பட மாட்டாள். திரும்பத் துடைப்பாள்.

அவளைச் சூப்பர்வைசர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பையைக் கொட்டச் சொன்னார்கள். ஒரு சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒரு மாத்திரை அட்டை. வேறொன்றும் இல்லை. காண்டிராக்ட் ஆள், "நேத்தே வெளிய குடுத்திருப்பா சார்" என்றான்.

"நா எடுக்கல சார். அந்த அக்கா லாக்கரத் தொறக்கவே இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. நா அப்பிடிச் செய்யிற ஆளா? நீங்க சொன்னா இவுக நம்புவாக."

அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. "அவள் எடுத்திருக்க மாட்டாள்" என்றாவது சொல்லியிருக்கலாம். என் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேகூட அதைச் சொல்லியிருக்கலாம்.

"எனக்குத் தெரியல" என்றேன்.

கழுத்திலிருந்த அடையாள அட்டையை அவளே கழற்றி மேசைமேல் வைத்தாள். பஸ்ஸில் ஏற்றவில்லை. கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துபோனதை, லைனில் வேலை செய்யும் பெண்கள் பார்த்ததாகச் சொன்னார்கள்.

கல்பனாவுக்காக மறுபடி பணம் திரட்டினோம். இந்த முறை நான் எல்லோரையும்விடக் கூடுதலாகப் போட்டேன். "அக்காவுக்கு மனசு பெருசு" என்றார்கள்.

அன்றைக்கும் வீட்டுக்குப் போகும் வழியில் ஆடினேன். அத்தோடு திருந்திவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அதற்குப் பிறகும் ஒன்பது பத்து மாதம் ஆடினேன்.

நாலு தடவை

நின்றது வேறொரு நாள்.

படப்பையில் ஒரு அபார்ட்மெண்டில் சேவியர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு உடைந்தது. தலையிலும் அடி. தரையில் கிடந்தபடியே இடது கையால் எனக்குப் போன் செய்திருக்கிறார். எனக்கு அன்று வாரவிடுமுறை. வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். ஆட்டத்தின் நடுவில் அழைப்பு வந்தால் திரையில் சீட்டுகள் மறைந்துவிடும். கட் செய்தேன். மறுபடி வந்தது. கட் செய்தேன். நாலு தடவை.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கையில் மாவுக்கட்டு போட்டு, புருவத்துக்கு மேல் தையல் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டையில் காய்ந்த ரத்தம்.

"போன் எங்க வெச்சிருந்த?"

"சார்ஜ்ல போட்டுட்டு சமைச்சிகினு இருந்தேன். காதுல விழல."

"ரிங்கு போயி முடியல ரெஜி. ரெண்டு ரிங்குல கட் ஆச்சு. நாலு தபா."

அவர் நல்ல கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். ஒரு கையால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் அந்தச் சண்டை அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுக்காமல் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நான் செத்துகினு இருந்தாலும் கட் பண்ணியிருப்ப இல்ல" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பதிலோடுதான் இன்றுவரை ஒரே வீட்டில் இருக்கிறோம்.

பத்து நாள் அவர் என்னிடம் பேசவில்லை. ஒரு பட்டன் போன் வாங்கி மேசைமேல் வைத்தார். பதினோராம் நாள், தன்னோடு வேலை செய்பவர் சொன்னதாக, ஸ்ரீபெரும்புதூரில் இப்படி ஒரு கூட்டம் நடக்கிறது என்றார். "வரியா?" என்று மட்டும் கேட்டார். பஸ்ஸில் போனோம். கட்டுப் போட்ட கையோடு அவர் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். நான் கூடத்து வாசலில் செருப்போடு நின்றேன்.

மறுபடி ஒன்றிலிருந்து

அந்தக் கூடத்தில் முதல் நாலைந்து வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்டேன். பாட்டிலை எங்கே ஒளித்தார்கள், மனைவியிடம் என்ன பொய் சொன்னார்கள், எத்தனை நாள் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார்கள். குடி என்று வரும் இடத்தில் சீட்டு என்று போட்டால் என் கதைதான்.

விரல்கள்தான் ரொம்பப் படுத்தின. பஸ்ஸில் உட்கார்ந்தால் கட்டைவிரல் தானாக அசையும். கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். புதுக் கார்களை இரண்டடுக்காக ஏற்றிக்கொண்டு லாரிகள் போகும். ஏரித் தண்ணீரில் கொக்குகள் நிற்கும். எதிலும் மனம் ஒட்டாது. கண்ணை மூடினால் சிவப்பும் கறுப்புமாகச் சீட்டுகள் விழுந்துகொண்டே இருக்கும்.

ஆட்டத்தை நிறுத்திய நாற்பத்தோராம் நாள் தோற்றேன். பக்கத்து வீட்டு அக்காவிடம், மகளின் பள்ளிக்கூட மெசேஜ் பார்க்கவேண்டும் என்று போன் வாங்கி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஆடினேன். அந்த ஞாயிறு கூடத்தில் அதைச் சொன்னேன். அதுதான் நான் அங்கே பேசிய முதல் பேச்சு.

"சரி. இன்னிக்கி ஒண்ணு" என்றார் ஏகாம்பரம் அண்ணன். "நான் ஆறு தபா ஒண்ணுல இருந்து ஆரமிச்சேன்."

இப்போது அந்த விளையாட்டுகளுக்கெல்லாம் தடை வந்துவிட்டது. கேட்டபோது அப்பாவைத்தான் நினைத்தேன். கடையை மூடுவது வேறு, ஆள் போய் நிற்பதை நிறுத்துவது வேறு. வேறு வேறு பெயர்களில் லிங்க் இன்னும் வருகிறது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நல்லவேளை, பட்டன் போனில் அது திறக்காது.

மாதங்கள் போயின. ஆட்டம் நின்றது. ஆனால் ஒன்றை மட்டும் அந்தக் கூடத்தில் நான் சொல்லவே இல்லை. சேவியரிடமும் சொல்லவில்லை. ஆடிக்கொண்டிருந்த காலத்தில் முத்துலட்சுமி என் நினைவுக்கே வந்ததில்லை. ஆட்டம் நின்ற பிறகு தினமும் வந்தாள். லாக்கர் அறைத் தரை ஈரமாக இருந்தாலே போதும்.

ஒரு ஞாயிறு சொல்லிவிட்டேன். ஏகாம்பரம் அண்ணன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இங்க சொல்லி இன்னாம்மா புண்ணியம். நாங்களா வேலய வுட்டுப் போனோம்?"

அன்று வீட்டுக்குப் போனதும் சேவியரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினார். மறுநாள் தொழிற்சாலையில் உண்மையை எழுதிக் கொடுத்தேன். ராஜினாமாவும் அதோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். கல்பனாவின் குழந்தை பிழைத்துவிட்டது; கல்பனாவும் வேலைக்குத் திரும்பியிருந்தாள். விஷயம் தெரிந்து லாக்கர் அறையில் என் எதிரே வந்து நின்றாள்.

"என் கொழந்த நல்லா கீதுக்கா. ஆனா இனிமே நீங்க என்னாண்ட பேசாதீங்க" என்றாள். அது நியாயம்தான்.

பென்னலூர்

முத்துலட்சுமியைக் கண்டுபிடிக்க ஏழு வாரம் ஆனது. திருட்டுப் பேர் என்பதால் வேறு எந்தக் காண்டிராக்டரும் அவளைச் சேர்க்கவில்லை. கடைசியில், பென்னலூரில் வடநாட்டுத் தொழிலாளிகள் தங்கும் விடுதி மெஸ்ஸில் காய் நறுக்குகிறாள் என்று அவளோடு முன்பு வேலை செய்த ஒருத்தி சொன்னாள்.

காலை பதினோரு மணி இருக்கும். மெஸ்ஸின் பின்பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்றாள். அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். பஸ்ஸில் பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "அந்தப் பணத்தை எடுத்தது நான். சீட்டாடித் தோத்துட்டேன். உன்னைக் கேட்டப்ப தெரிஞ்சே சும்மா இருந்தேன்."

அவள் கை நிற்கவில்லை. கையிலிருந்த பூண்டை உரித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"எனக்கே சந்தேகம் வந்துருச்சுக்கா" என்றாள் மெதுவாக. "எல்லாரும் சொல்லச் சொல்ல, ஒருவேள குப்பையோட குப்பையா நாந்தான் அள்ளிப் போட்டுட்டேனோன்னு. ராத்திரி படுத்துக்கிட்டு அன்னைக்கு என்னென்ன செஞ்சேன்னு ஒண்ணொண்ணா நெனைச்சுப் பாப்பேன். ரெண்டு வருசமா."

நான் அவள் முன்னால் உட்கார்ந்தேன். கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்த பணத்தை எடுத்தேன். அவள் இழந்த சம்பளத்தில் அது கால் பங்குகூட இல்லை. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"ஊருக்கும் சொல்லிவிட்டுட்டாக. காண்டிராக்ட்காரன் எங்கூருப் பக்கத்து ஆளுதான். எங்கப்பா எங்கிட்டப் பேசுறத நிப்பாட்டிட்டாரு. படுக்கையில கெடந்தப்பப் போனேன். கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. அந்தக் காசத் திருப்பிக் குடுத்துட்டியான்னு." பூண்டுத் தோலை முறத்திலிருந்து ஊதினாள். "எடுத்தியான்னு கேக்கலக்கா. குடுத்துட்டியான்னு கேட்டாரு. ஆமாப்பான்னு சொல்லிட்டேன். மறுநா போயிட்டாரு."

உள்ளே பெரிய அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. யாரோ இந்தியில் சிரித்தார்கள்.

"நான் என்ன பண்ணணும் சொல்லு" என்றேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். நம்பரைப் போட்டு, மணி அடிக்கும்போதே என்னிடம் நீட்டினாள்.

"எங்கம்மா. காது மந்தம். சத்தமாச் சொல்லுங்க."

மறுமுனையில் கோழிகள் கத்தும் சத்தம். "யாரு?" என்றது ஒரு குரல்.

"அம்மா, நான் ரெஜினா பேசுறேன். உங்க மக கூட வேலை செஞ்சவ."

"யாரு? கேக்கல. முத்து எங்க?"

"அந்தப் பணத்த உங்க மக எடுக்கல. நான் எடுத்தேன்."

"என்னது எடுக்கணும்?"

எழுந்து நின்றேன். "திருடினது நான். உங்க மக இல்ல. முத்துலட்சுமி எடுக்கல. நான் எடுத்தேன்." சாப்பிட வந்து வரிசையில் நின்ற ஆட்கள் தட்டோடு திரும்பிப் பார்த்தார்கள். மெஸ்காரர் கதவருகே வந்து நின்றார். நான் மறுபடியும் அதையே சொன்னேன்.

பிறகு அந்த அம்மா, எனக்குச் சொல்லாமல் தனக்குத்தானே சொல்வதுபோல, "இத அவருகிட்ட இனி யாரு போயிச் சொல்ல" என்றார். போன் வைக்கப்படவில்லை. கோழிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்தான் நிறுத்தினேன்.

"என்ன சொன்னாக?" என்று முத்துலட்சுமி கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு போனை வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

எனக்குக் கிளம்பத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து முறத்திலிருந்து ஒரு பூண்டை எடுத்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"பஸ்ஸு போயிரும்க்கா" என்றாள்.

பணத்தைச் சாக்கின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து அதே கவரில் அது எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. இதை எழுதுவதற்கு முன்னால் அனுமதி கேட்டுப் போன் செய்தேன். பெயரை மாற்றிவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்றேன்.

"மத்தவுக பேர மாத்திக்கங்க. எம் பேர மாத்தாதீக. கெட்டது எம் பேருதான்" என்றாள்.

மாற்றவில்லை. முத்துலட்சுமி. ஊர் திருச்சுழிப் பக்கம். அந்தப் பணத்தை அவள் எடுக்கவில்லை.